புக்கிங் பணத்தில் பாதியைப் பிடித்துக்கொள்வார்களாம்: சட்டப்படி முடியுமா?

#1 மூன்றாம்கியர்
வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுக் கார் ஒன்று புக் செய்து ஐந்து மாதம் ஆகிறது. விலையில் பத்து சதவீதம் முன்பணமாகக் கட்டினேன். எட்டு வாரத்தில் வண்டி வந்துவிடும் என்று நேரிலும் சொன்னார்கள், வாட்ஸப்பிலும் சொன்னார்கள். எட்டு பன்னிரண்டானது, பன்னிரண்டு இருபதானது. போன வாரம் போன்: "நீங்க கேட்ட வேரியன்ட்டை கம்பெனி நிறுத்திட்டாங்க சார். அதுக்கு மேல் வேரியன்ட் ரெடியா நிக்குது, வித்தியாசத்தைக் கட்டிட்டு எடுத்துக்கோங்க."

வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்றேன். அங்கேதான் குரல் மாறியது. கேன்சல் செய்தால் பாதியை "நிர்வாகச் செலவு" என்று பிடித்துக்கொள்வார்களாம். ரசீதின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருக்கிறது: "முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது." "சட்டப்படி ஒண்ணுமே தர வேண்டியதில்லை, பாதி தர்றோமேன்னு சந்தோஷப்படுங்க" என்கிறார் மேனேஜர்.

எந்த நாடு, எந்தக் கம்பெனி என்று வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. ஷோரூம் ஆட்களும் இங்கே உலவுகிறார்கள் என்று ஒரு சந்தேகம். அவரவர் நாட்டு விதியைச் சொல்லுங்கள், எனக்குப் பொருந்துவதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

#2 ஸ்டெப்னி
கையெழுத்து போட்டீங்களா? போட்டாச்சுன்னா முடிஞ்சுது. பாதியை வாங்கிட்டு நடையைக் கட்டுங்க. கோர்ட்டு கேஸுன்னு போனா மீதிப் பாதியும் பெட்ரோலுக்கே போயிடும்.

#3 பழையஷோரூம்காரன்
ஸ்டெப்னி தம்பி சொல்வதுதான் ஷோரூமும் எதிர்பார்க்கும் பதில். பதினொரு வருஷம் கார் விற்றவன் நான். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

நீங்கள் கட்டும் பணம் பெரும்பாலும் கம்பெனிக்குப் போவதில்லை, டீலரிடம்தான் இருக்கும். டீலர் வங்கியில் கடன் வாங்கித்தான் வண்டிகளை எடுத்து யார்டில் நிறுத்துகிறார். விற்காமல் நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் உங்கள் முன்பணம் அவருக்கு வட்டியில்லாக் கைமாற்று. கேன்சல் என்றதும் முகம் சுருங்குவது அதனால்தான். மேல் வேரியன்ட்டைத் தலையில் கட்டப் பார்ப்பதற்கும் காரணம் அதுவே: அது யார்டில் நிற்கிறது.

இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு எழுத்தில் கேளுங்கள், அந்த வேரியன்ட் நிஜமாகவே நிறுத்தப்பட்டதா, எப்போது என்று. "நிறுத்திட்டாங்க" என்பதற்குப் பல நேரம் "எங்களுக்கு அலாட்மென்ட் வரல" என்றுதான் பொருள். இரண்டு, கம்பெனியின் சிஸ்டத்தில் உங்கள் பெயரில் ஆர்டர் எண் இருக்கிறதா என்று கேளுங்கள். ஷோரூம் நோட்டில் மட்டும் பேரை எழுதிக்கொண்டு, ஆர்டரே போடாமல் மாதக்கணக்கில் பணத்தை வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

#4 வாய்தா
தொழில் வழக்கறிஞர், இந்தியா. பொதுவாகச் சொல்கிறேன், இதை என் கட்சிக்காரருக்குக் கொடுத்த ஆலோசனை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லோரும் "திருப்பித் தரப்படாது என்று எழுதியிருக்கிறதா" என்பதிலேயே நிற்கிறோம். அது இரண்டாவது கேள்வி. பேச்சை முறித்தது யார் என்பதுதான் முதல் கேள்வி. மூன்றாம்கியர் சார், நீங்கள் எதையும் கேன்சல் செய்யவில்லை. பேசிய வண்டியைத் தர முடியாது என்று சொன்னது அவர்கள். தர வேண்டியவரே தர முடியாது என்றால் முன்பணம் முழுதாகத் திரும்ப வேண்டும். நான் அறிந்தவரை ஒப்பந்தச் சட்டம் உள்ள எந்த நாட்டிலும் இதுதான் தொடக்கம். ஆகவே இனி நீங்கள் எழுதும் எந்த மெயிலிலும், செய்தியிலும் "கேன்சல்" என்ற சொல் வரக்கூடாது. அவர்கள் நீட்டும் கேன்சலேஷன் ஃபார்மிலும் கையெழுத்து வேண்டாம். "நீங்கள் ஒப்புக்கொண்ட வண்டியைத் தரவில்லை, அதனால் பணத்தைத் திருப்பித் தரவும்" என்று எழுதுங்கள். பார்க்க ஒரே விஷயம் போல இருக்கும். வழக்கில் இரண்டும் வேறு.

இனி அந்த வரி. நம் ஊரில் அச்சாரம் என்று ஒரு சொல் உண்டு, முன்பணம் என்று இன்னொன்று உண்டு. பேச்சில் கலந்துவிட்டோம், நீதிமன்றம் கலப்பதில்லை. வாக்கு தவறமாட்டேன் என்பதற்கு ஈடாகக் கொடுப்பது அச்சாரம். வாங்குபவர் பின்வாங்கினால் அது போகும். விலையில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கொடுப்பது வேறு. 1963-ல் ஃபதே சந்த் வழக்கு, ஒரு வீட்டு விற்பனை விவகாரம். மொத்த விலை 1,12,500 ரூபாய். வாங்குபவர் அச்சாரமாக 1,000, பிறகு 24,000 கொடுத்திருந்தார். விற்பனை முறிந்தது. அந்த 1,000-ஐ வைத்துக்கொள்ளலாம், 24,000-ஐ அப்படியே விழுங்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74: எழுதிவைத்த தொகை எவ்வளவானாலும் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும், எழுதிய தொகை அதன் உச்சவரம்புதான். 2015-ல் கைலாஷ் நாத் வழக்கில், இழப்பே இல்லாத இடத்தில் இழப்பீடும் இல்லை என்று இன்னும் தெளிவாகச் சொன்னார்கள்.

"நிர்வாகச் செலவு" பாதி என்றால், பாதிக்குக் கணக்கு காட்டச் சொல்லுங்கள். ஒரு ரசீதும் நாலு போன் காலும் தவிர என்ன இருக்கிறது?

#5 ஸ்டெப்னி
சரி, வக்கீல் சார். ஆனா டீலர் பக்கமும் கொஞ்சம் பாருங்க. யாருமே வாங்காத கலர்ல ஒருத்தர் ஆர்டர் போடுறார், வண்டி வந்து நிக்குது, "மனசு மாறிடுச்சு"ன்னு போயிடறார். அந்தக் கலரை யார் தலைல கட்டுறது? என் மச்சான் ஷோரூம் வெச்சிருக்கான், அவன் புலம்பறதைத்தான் சொல்றேன்.

#6 வாய்தா
நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. அந்த இடத்தில் டீலருக்கு இழப்பு உண்டு, ஒரு பகுதியைப் பிடிக்கலாம். எவ்வளவு என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு. ஜெர்மனியில் புதுக் கார் விற்பனைக்கு வழக்கமாகப் பயன்படும் பொது நிபந்தனைகளில், வண்டியை எடுக்க மறுத்தால் விலையில் 15 சதவீதம் இழப்பீடு என்று இருக்கும். இழப்பு அதைவிடக் குறைவு என்று வாங்குபவர் நிரூபித்தால் குறையும். அமெரிக்க மாநிலங்கள் பின்பற்றும் சீரான வணிகச் சட்டத்தின் 2-718ஆம் பிரிவு வேறு மாதிரி: இழப்பீடு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் சொல்லாதபோது, பின்வாங்கியவரிடம் மொத்த மதிப்பில் 20 சதவீதம் அல்லது 500 டாலர், எது குறைவோ அதைத்தான் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டுமானால் இழப்பைக் காட்ட வேண்டும்.

உங்கள் மச்சானின் கதை வேறு, மூன்றாம்கியர் கதை வேறு என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

#7 பச்சைவிளக்கு
எதுக்கு இவ்வளவு? எந்தப் பொருள் வாங்கினாலும் 14 நாளுக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம்னு சட்டமே இருக்கே. நெட்ல படிச்சேன்.

#8 வலதுபக்கஸ்டியரிங்
பச்சைவிளக்கு, இந்த நம்பிக்கையால் பணம் போனவர்கள் நிறைய. நான் இருப்பது இங்கிலாந்து. அந்த 14 நாள், நேரில் பார்க்காமல் இணையத்திலோ போனிலோ முழு ஒப்பந்தமும் முடிந்தால், அல்லது கடைக்கு வெளியே வந்து விற்றால்தான். இங்கே அது 2013-ல் வந்த விதி, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011/83 ஆணையிலிருந்து வந்தது. ஷோரூமுக்குப் போய், டெஸ்ட் டிரைவ் எடுத்து, அங்கேயே உட்கார்ந்து கையெழுத்து போட்டால் 14 நாளும் இல்லை, 14 நிமிஷமும் இல்லை. அமெரிக்காவின் மூன்று நாள் விதியும் அப்படித்தான், வீட்டு வாசலில் வந்து விற்பவர்களுக்காகப் போட்டது. டீலரின் இடத்தில் வாங்கிய காருக்குச் செல்லாது. விதிவிலக்காக ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் டீலரிடம் வாங்கும் காருக்கு மூன்று வேலை நாள் யோசிக்க நேரம் உண்டு, அதிலும் டீலர் ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொள்ளலாம்.

இணையத்தில் வாங்கினாலும் ஒரு முடிச்சு இருக்கிறது. "உங்களுக்காகவே தனியாகச் செய்தது" என்றால் 14 நாள் உரிமை போய்விடும். கேட்டலாக்கில் இருக்கும் நாலு கலரில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது தனியாகச் செய்ததாகாது என்று நாம் சொல்வோம், ஆகும் என்று டீலர் சொல்வார்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பணத்தை எப்படிக் கட்டினீர்கள்? கிரெடிட் கார்டா?

#9 மூன்றாம்கியர்
வங்கி மாற்று. கார்டில் கட்டினால் இரண்டு சதவீதம் கூடுதல் என்றார்கள், மிச்சம் என்று நினைத்தேன்.

#10 வலதுபக்கஸ்டியரிங்
அந்த இரண்டு சதவீதம்தான் விலை குறைந்த இன்சூரன்ஸ். இங்கே 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு: 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு, முன்பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும் போதும், முழுத் தொகைக்கும் கார்டு கம்பெனியும் பொறுப்பு. டீலர் கடையை மூடிவிட்டு ஓடினாலும் கார்டு கம்பெனியிடம் கேட்கலாம். ஆனால் அந்த 30,000 என்பது காரின் விலை, கார்டில் கட்டிய தொகை இல்லை. காரின் விலை அதைத் தாண்டினால் இந்தப் பிரிவு கிடையாது. புது கார்கள் சர்வசாதாரணமாகத் தாண்டுகின்றன, பலர் இதைக் கவனிப்பதே இல்லை. அப்போது சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைக் கார்டு கொடுத்த வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது, ஒன்றுதான் வழி. அது சட்ட உரிமை இல்லை, கார்டு நிறுவனங்களின் சொந்த விதி.

#11 பரிஸ்தங்கை
நான் பிரான்ஸில இருக்கிறன். வாய்தா அண்ணா சொன்ன அச்சாரக் கதைக்கு இஞ்ச ரெண்டு சொல்லு தனித்தனியா இருக்கு. "ஆர்" எண்டா அச்சாரம். "அகோன்ட்" எண்டா விலையில ஒரு பகுதி. ஆர் குடுத்தா ரெண்டு பேரும் விலகலாம்: நாங்கள் விலகினா காசு போயிடும், கடைக்காரன் விலகினா அவன் ரெண்டு மடங்காத் திருப்பித் தரவேணும். அகோன்ட் எண்டா ஒருத்தரும் லேசா விலக ஏலாது, வாகனத்தை எடுத்தே ஆகவேணும் இல்லாட்டி நட்டஈடு. பேப்பரில ஒண்டும் எழுதேல்லை எண்டா அது ஆர் எண்டுதான் நுகர்வோர் சட்டம் எடுக்கும். எங்கட சொல்லுக்கு ஏத்தமாதிரித் தனியாச் செய்யிற ஸ்பெஷல் ஓடருக்கு மட்டும் இது இல்லை. அதோட காசு கட்டி மூண்டு மாதம் தாண்டினா அந்தக் காசுக்கு வட்டியும் ஓடத் தொடங்கும்.

அண்ணாக்கு ஐஞ்சு மாதம் எண்டபடியாச் சொல்லுறன். நீங்கள் இஞ்ச இருந்திருந்தா மனேச்சருக்கு வேற முகம் இருந்திருக்கும். 😀

#12 பழையஷோரூம்காரன்
இரண்டு மடங்கா! எங்கள் முதலாளி கேட்டிருந்தால் அன்றே ஷோரூமை மூடியிருப்பார்.

#13 மூன்றாம்கியர்
ஆர்டர் ஃபார்மை லென்ஸ் வைத்துப் படித்தேன். மூன்று வரிகளை அப்படியே தருகிறேன்.

"4. விலை டெலிவரி நாளன்று அமலில் இருக்கும் விலையே.
7. டெலிவரி நாள் உத்தேசமானது. தாமதத்துக்கு டீலர் பொறுப்பல்ல.
9. முன்னறிவிப்பின்றி ஆர்டரை ரத்து செய்யும் உரிமை டீலருக்கு உண்டு. முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது."

கஸ்டமர் கேரும் பதில் போட்டார்கள். அந்த வேரியன்ட் நிறுத்தப்படவில்லை!! என் பெயரில் ஆர்டர் எண் எதுவும் அவர்கள் சிஸ்டத்தில் இல்லை.

#14 பழையஷோரூம்காரன்
வலிக்கிறது, ஆனால் ஆச்சரியமில்லை. அந்த மெயிலைப் பத்திரமாக வையுங்கள். பிரிண்ட் எடுத்தே வையுங்கள்.

#15 வாய்தா
ஒன்பதாவது வரி வேடிக்கை. டீலர் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், அப்போதும் பணம் வராது! ஐரோப்பாவின் 93/13 ஆணை, 1993-லேயே, நியாயமற்றவை எனக் கருதக்கூடிய நிபந்தனைகள் என்று ஒரு பட்டியல் போட்டது. நுகர்வோர் விலகினால் பணத்தை வைத்துக்கொள்ளலாம், ஆனால் வியாபாரி விலகினால் அதே அளவு தர வேண்டியதில்லை என்கிற நிபந்தனை அதில் இருக்கிறது. டெலிவரி நாளில்தான் விலை முடிவாகும், விலை மிகவும் ஏறினாலும் விலக முடியாது என்பதும் இருக்கிறது. ஆக உங்கள் நான்காவது வரியும் ஒன்பதாவது வரியும் அந்தப் பட்டியலைப் பார்த்தே எழுதியது போல இருக்கின்றன. இங்கிலாந்தின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்திலும் இந்தப் பட்டியல் உண்டு.

இந்தியாவில் இதற்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(46). அளவுக்கு மீறிய முன்வைப்புத் தொகை, இழப்புக்குப் பொருந்தாத அபராதம், காரணமின்றி ஒருதலையாக முறிக்கும் உரிமை ஆகியவை நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்கள். இதில் ஒரு நடைமுறை நுணுக்கம்: "ஒப்பந்தமே நியாயமற்றது" என்று மனுப் போட்டால் அது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நிற்காது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். "சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக முறை" என்று போட்டால் மாவட்டத்திலேயே நடக்கும். முன்பணத் தகராறுக்கு இரண்டாவதே போதும். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே கிடையாது. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், ஷோரூம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மனுவுக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதிந்து வைப்பது நல்லது. பல தகராறுகள் அங்கேயே முடிகின்றன.

#16 ஸ்டெப்னி
"வண்டி இன்னும் வாங்கவே இல்லை, நீ எப்படி நுகர்வோர்?"னு கேட்டா?

#17 வாய்தா
கேட்பார்கள். விலையில் ஒரு பகுதி கொடுத்து, மீதி தருவதாக வாக்களித்தவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. வாடகைக்கு ஓட்டும் தொழிலுக்கென்று வாங்கினால் சிக்கல் வரலாம், சொந்த ஓட்டத்துக்கு இல்லை.

#18 கியர்பாக்ஸ்அக்கா
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். என் தம்பி புக்கிங் பணத்தை சேல்ஸ் பையனோட சொந்த நம்பருக்கு அனுப்பிட்டான். "சார், இன்னைக்கு டார்கெட் க்ளோஸ் பண்ணணும், நானே கட்டிடறேன்"னு சொன்னானாம். பையன் அடுத்த மாசமே வேலையை விட்டுட்டான். ஷோரூம் "எங்க கணக்குக்கு வரவே இல்லையே"ங்குது. என்ன பண்றது?

#19 பழையஷோரூம்காரன்
அக்கா, இது தனிக் கேஸ். அந்தப் பையன் ஷோரூம் சீருடையில், ஷோரூமுக்குள் உட்கார்ந்து, ஷோரூம் ஃபார்மில் எழுதி வாங்கினான் என்றால் ஷோரூம் அவ்வளவு சுலபமாகக் கை கழுவ முடியாது. வாட்ஸப் உரையாடலை முழுசாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. ஷோரூமுக்கும் கம்பெனிக்கும் சேர்த்து எழுதுங்கள், போலீஸிலும் ஒரு புகார். இனி புக் செய்பவர்களுக்கு: நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்கு, நம்பர் போட்ட ரசீது, அந்த ரசீதில் மாடல், வேரியன்ட், கலர், பேசிய விலை, டெலிவரி வாரம். இது ஐந்தும் இல்லாத ரசீது வெறும் காகிதம்.

#20 வலதுபக்கஸ்டியரிங்
ஆறாவது ஒன்று சேருங்கள்: "லோன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதும் திரும்பும்." கையால் எழுதினாலும் போதும், இரண்டு பேரும் கையெழுத்து போட வேண்டும். வங்கி மறுத்தால் அது உங்கள் தவறு என்று ஆகிவிடக் கூடாது.

இன்னொன்று, முன்பணம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. டீலர் திவாலானால் முன்பணம் கட்டியவர்கள் பொதுவாகப் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்கள் கணக்கில்தான் வருவார்கள். வங்கியும், பிணை வாங்கிக்கொண்டு கடன் கொடுத்த மற்றவர்களும் எடுத்த பிறகு மிச்சம் இருந்தால் கிடைக்கும், அநேகமாக இருக்காது. கனடாவின் ஒன்டாரியோவில் டீலர்களின் பணத்தால் நடக்கும் இழப்பீட்டு நிதி ஒன்று இருக்கிறது. அப்படி ஒன்று இல்லாத இடத்தில் பத்து சதவீதம் கட்டுவது, தெரியாதவருக்குக் கடன் கொடுப்பது மாதிரிதான்.

#21 வாய்தா
மூன்றாம்கியர் சார், மெயிலும் பதிவுத் தபாலும் இரண்டிலும் போகட்டும். மாதிரி:

"இன்ன தேதியில், இன்ன ரசீது எண்ணில், இன்ன வேரியன்ட்டுக்கு முன்பணம் செலுத்தினேன். எட்டு வாரத்தில் தருவதாக இன்ன தேதிச் செய்தியில் உறுதி கூறினீர்கள். இன்றுவரை தரவில்லை. வேரியன்ட் நிறுத்தப்பட்டதாகக் கூறினீர்கள். தயாரிப்பு நிறுவனத்தின் பதில் அதற்கு மாறாக உள்ளது, நகல் இணைப்பு. ஒப்புக்கொண்ட வண்டியை 14 நாட்களுக்குள் ஒப்புக்கொண்ட விலையில் தரவும். தவறினால் நீங்கள் ஒப்பந்தத்தை முறித்ததாகக் கருதி, முழு முன்பணத்தையும் வட்டியுடன் கோருவேன்."

கோபம் வேண்டாம், மிரட்டல் வேண்டாம், சமூக ஊடகத்தில் போடுவேன் என்றும் வேண்டாம். கெடு கொடுப்பதில் ஒரு காரணம் இருக்கிறது: "டெலிவரி நாள் உத்தேசம்" என்ற ஏழாவது வரி காலவரையற்ற சுதந்திரம் தருவதாக அவர்கள் வாதிடுவார்கள். நியாயமான கெடு ஒன்று எழுத்தில் போனபின் அந்த வாதம் இளைத்துவிடும்.

#22 மூன்றாம்கியர்
*மூன்று வாரம் கழித்து*

தகவல் சொல்லாமல் போனதற்கு மன்னிக்கவும். கடிதத்தை, கம்பெனி மெயிலின் நகலோடு அனுப்பினேன். கம்பெனிக்கும் ஒரு பிரதி. பதினோராம் நாள் மேனேஜரே கூப்பிட்டார். "நமக்குள்ள எதுக்கு சார் லெட்டரெல்லாம்" என்றார். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவர் என்னைக் கூப்பிடுகிறார்.

முழுப் பணமும் தருகிறோம், முதலில் வந்து ஒரு பேப்பரில் கையெழுத்து போடுங்கள் என்றார்கள். போனால், தலைப்பு "வாடிக்கையாளர் கேன்சலேஷன் வேண்டுகோள்", கீழே "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை." பணம் இன்னும் வரவில்லை, பெற்றுக்கொண்டேன் என்று எப்படி எழுதுவது? வாய்தா சார் சொன்னது நினைவுக்கு வந்தது. "கேன்சலேஷன் வேண்டுகோள்" என்பதை அடித்துவிட்டு "டீலர் வண்டி தராததால் திருப்பித் தரப்படும் முன்பணம்" என்று எழுதினேன். கடைசியில் "தொகை என் கணக்கில் வரவான பிறகே செல்லும்" என்று சேர்த்துக் கையெழுத்து போட்டேன். அந்தப் பெண் உள்ளே எடுத்துக்கொண்டு போய், இருபது நிமிஷம் கழித்து முத்திரையோடு வந்தார்.

நேற்று பணம் வந்தது. வட்டி இல்லை. கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.

#23 பரிஸ்தங்கை
கேளுங்கோ அண்ணா!

#24 ஸ்டெப்னி
நான் போட்ட முதல் பதிவை வாபஸ் வாங்கிக்கறேன். மச்சானோட ஃபார்மை வாங்கிப் பார்த்தேன், அங்கேயும் ஒன்பதாவது வரி அதேதான். யாரோ ஒருத்தர் டைப் அடிச்சதை எல்லா ஷோரூமும் ஜெராக்ஸ் போட்டிருக்கு போல.

#25 வாய்தா
"இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியையும் அடித்தீர்களா, விட்டுவிட்டீர்களா?

#26 மூன்றாம்கியர்
ஐயோ.